செண்பகத் தெருவின் தாங்கும் எண்

முன்யோசனை உள்ளவளுக்குத்தான் முதல் அடி விழும் என்று தெரிந்திருந்தால், அந்த வருஷம் நான் ஒரு விறகுக் குச்சியைக்கூட வாங்கிப் போட்டிருக்க மாட்டேன்.

கொடைக்கானல்காரிக்குக் குளிர் புதிதில்லை. கரண்டு போவதும் புதிதில்லை. அது போகும் விதம்தான் புதிது. நிலக்கரி உலைகளையெல்லாம் மூடிவிட்டு நாடு முழுக்கக் காற்றாலையும் சூரியத் தகடும் என்று ஆன பிறகு, கோடையில் மின்சாரம் கொட்டிக் கிடந்தது. கார்த்திகை, மார்கழி வந்தால் காற்று படுத்துக்கொள்ளும், மேகம் மூடிக்கொள்ளும். பானையில் ஒரு கை சோறு, பந்தியில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. யாருக்குப் போடுவது, யாரை எழுப்பி விடுவது? மனிதர்கள் முடிவு செய்தால் சிபாரிசு நுழையும், கட்சி நுழையும் என்று சொல்லி, மின் பங்கீட்டு நிறுவனம் அந்த வேலையை ஒரு கணினி மூளையிடம் ஒப்படைத்தது. அதற்கு 'நடுவர்' என்று பெயர். ஒவ்வொரு வீட்டு மீட்டருக்குள்ளும் அதன் கண்ணும் காதும் இருந்தன. மீட்டரில் பச்சை விளக்கு எரிந்தால் மின்சாரம் உண்டு, சிவப்பு எரிந்தால் இல்லை. கெஞ்சுவதற்கு அங்கே ஆள் கிடையாது.

என் பெயர் ரெஜினா. செண்பகத் தெருவில் பன்னும் ரொட்டியும் சுட்டு விற்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும். கையும் சும்மா இருக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னால் சரி.

ஐப்பசி மழை விட்டதும் வேலையை ஆரம்பித்தேன். பழைய கம்பளியைக் கிழித்து ஜன்னல் இடுக்கெல்லாம் திணித்தேன். கதவுக்கு அடியில் வரும் காற்றுக்கு, என் வீட்டுக்காரர் விட்டுப்போன பேண்ட்டின் காலை வெட்டி மணல் நிரப்பிப் போட்டேன். அந்த மனுஷன் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் காற்றுக்குக் காவல் நிற்கிறார். தைல மரக் கட்டைகளைத் தாழ்வாரத்தில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினேன். வெந்நீர்ப் பை, பெரிய பிளாஸ்க்குகள், கம்பளிச் சாக்ஸ் எல்லாம் எடுத்து வைத்தேன். தெருமுனைக் கடை பஷீர் பாயிடம் சொல்லி, பழைய மின் ஆட்டோக்களில் இருந்து கழற்றிய பேட்டரிகளை வரவழைத்து, படுக்கையறை மூலையில் வரிசையாக நிறுத்தினேன்.

எதிர்வீட்டுச் செல்லக்கிளி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏண்டி ரெஜினா, வீட்டுக்கே ஸ்வெட்டர் போட்டுட்ட. குல்லா எப்ப மாட்டப் போற?"

"உன் வாய்க்கு ஒண்ணு தச்சு வச்சிருக்கேன், வந்து வாங்கிக்க."

மறுநாள் பார்த்தால் அவள் வீட்டு ஜன்னலிலும் கம்பளி. வாரம் திரும்புவதற்குள் தெரு முழுக்கக் கம்பளி. கேட்டால், "எங்க அத்தை அந்தக் காலத்துலயே செஞ்சதுதான்" என்றாள். அவளுக்கும் எனக்கும் சண்டை இன்று நேற்று வந்ததில்லை. அவள் வீட்டுத் துணி துவைத்த தண்ணீர் என் வாசல் வழியாகத்தான் ஓடும். ஓடும்போதெல்லாம் நான் கத்துவேன். அவளும் கத்துவாள். இருவரும் கத்தி முடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவோம்.

ஆனால் எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. பனியில் நனைந்த விறகு தீக்குச்சிக்கு மசியாது. அதனால் கணப்பு மூட்டுவதற்கு யார் வீட்டில் நெருப்பு இருக்கிறதோ அங்கே போய் அவர்கள் இரும்புச் சட்டியிலேயே கங்கு வாங்கி வருவோம். கங்கு கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. எந்தச் சண்டையாக இருந்தாலும் சரி. அதேபோல, திருப்பிக் கொடுக்கும் சட்டியும் வெறுமையாக வரக் கூடாது. ஒரு கை கடலையாவது, ரெண்டு கேரட்டாவது உள்ளே கிடக்க வேண்டும். நானும் செல்லக்கிளியும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே சட்டி மாற்றிய நாட்கள் எத்தனையோ.

இத்தனை ஏற்பாடும் எனக்காக இல்லை. என் மகள் அனிட்டா பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள். மருமகன் கப்பலில் வேலை. தை பிறந்து வர வேண்டிய பிள்ளை, கார்த்திகை பாதியிலேயே வந்துவிட்டான். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் இடமில்லை. மூச்சு நன்றாக இருக்கிறது என்று சொல்லி, ஒரு சூடு தொட்டிலைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்ணாடி மூடி போட்ட பெட்டி, அடியில் மின்சாரத்தில் சூடாகும் தகடு.

"எடை கூடுற வரைக்கும் உடம்புச் சூடு இறங்கவே கூடாதும்மா" என்றார் டாக்டரம்மா. "இறங்குச்சுன்னா..." என்று நிறுத்தினார்.

கரண்டு போனால் என்ன செய்வது என்று அங்கிருந்த நர்ஸ் சொல்லிக் கொடுத்தாள். சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாகப் படுக்கவைத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். எந்த ஹீட்டரும் அதற்கு ஈடில்லை, ஆனால் ஆள் அசையாமல் உட்கார வேண்டும், களைத்தால் அடுத்த ஆளுக்கு மாற்ற வேண்டும் என்றாள். நான் சிரித்தேன். "எங்க வீட்டுல பேட்டரி இருக்கு சிஸ்டர்" என்று பெருமையாகச் சொன்னேன். பெருமை வேறு!

வீட்டுக்கு வந்த மறுநாளே மீட்டர் சிவப்பாகிவிட்டது. பேட்டரி ஓடியது. விடியும்போது கொஞ்ச நேரம் பச்சை வந்தது. பேட்டரி பாதிகூட நிரம்பவில்லை, மறுபடி சிவப்பு. அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே கதை. என் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால் மேட்டுத் தெரு தெரியும். பங்களாக்கள். அங்கே மட்டும் வாசல் விளக்கிலிருந்து கிறிஸ்துமஸ் ஸ்டார் வரை ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

என் தம்பி கிறிஸ்டி அந்தப் பங்கீட்டு நிறுவனத்தில்தான் பொறியாளர். வத்தலக்குண்டில் அலுவலகம். போனில் நான் போட்ட சத்தத்துக்கு, மறுநாள் மத்தியானமே மலையேறி வந்துவிட்டான். வந்ததும் பிள்ளையைப் பார்த்தான், பிறகு மூலையில் இருந்த பேட்டரிகளைப் பார்த்தான். தாழ்வாரத்தில் விறகை எட்டிப் பார்த்தான். ஜன்னல் இடுக்கில் விரலை வைத்துத் தடவினான். முகம் சுண்டிப் போய்விட்டது.

"இம்புட்டையும் நீயா செஞ்ச?"

"பின்ன, நீயா வந்து செஞ்சு குடுத்த? தாய்மாமன்னு பேரு மட்டும் வச்சுக்கிட்டு."

"அக்கா, கோவப்படாமக் கேளு. இதனாலதான் உனக்குக் கரண்டு வரல."

எனக்குப் புரியவில்லை. தட்டில் சோற்றைப் போட்டேன். சோறு முன்னால் இருந்தால் அவன் பொய் சொல்ல மாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"நடுவர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண் போட்டு வச்சிருக்கு. தாங்கும் எண். கரண்டு இல்லாம இந்த வீடு எம்புட்டு நேரம் தாங்கும்ன்ற கணக்கு. அதிகமாத் தாங்குற வீட்டை முதல்ல வெட்டும், தாங்காத வீட்டைக் கடைசியா வெட்டும். இருக்குறவன் பொறுத்துக்குவான், இல்லாதவனுக்குப் போகட்டும்னுதான் வச்சோம். நியாயம்தான?"

"நான் விறகு அடுக்குனது அதுக்கு எப்படித் தெரியும்?"

"கரண்டு போன பிறகும் வீடு எம்புட்டு மெதுவாக் குளுருதுன்னு மீட்டருக்குத் தெரியும். நீ பேட்டரிக்குக் கரண்டு ஏத்துறது தெரியும். அப்புறம்..." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் போடவில்லை. "கரண்டு போனதும் தெருவுல இருக்குறவங்க போனெல்லாம் எந்த வீட்டுக்குப் போகுதுன்னும் தெரியும்."

"அதனால?"

"செல்லக்கிளி அக்கா உன் வீட்டுக்கு வாராங்க, பஷீர் பாய் சம்சாரம் வாராங்க, நீ அங்க போற. யாரு வீட்டுக்காவது யாரும் வராமப் போனா, அந்த வீடு தாங்காதுன்னு எழுதிக்கும். உன் தெருவுல எல்லாரும் எல்லார் வீட்டுக்கும் வாராங்க. இந்த மலையிலயே பெரிய எண் செண்பகத் தெருவுக்குத்தான்க்கா."

"பச்சைப்புள்ள இருக்குடா இங்க! அது தெரியாதா உங்க நடுவருக்கு?"

"தெரியும். புள்ளைக்குன்னு எண்ணைக் கொறைச்சுதான் இருக்கு. ஆனா..." தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு புள்ளைக்கு ஆறு நெஞ்சு இருக்கு, மாத்தி மாத்தி வச்சுக்குவாங்கன்னு கணக்குப் போட்டிருக்கு."

குழம்புக் கரண்டியை டங்கென்று கீழே வைத்தேன்.

"மனுசங்கள ஹீட்டர் கணக்குல எழுதி வச்சிருக்கீங்களாடா? தூத்தேறி! அப்ப அந்த மேட்டுத் தெரு?"

"அங்க யாரு வீட்டுக்கும் யாரும் போறதில்ல. நிறைய வீட்டுல ரிட்டயர் ஆன ஒத்தை ஆளுங்க. புள்ளைங்க எல்லாம் வெளிநாட்டுல. கரண்டு போனா அவ்வளவுதான், செத்தாக்கூட ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும். அதனால அவங்களுக்கு எண் கம்மி. அது பொய் இல்லக்கா. அந்தப் பகுதியை எழுதுனவங்கள்ல நானும் ஒருத்தன். நல்ல எண்ணத்துலதான் எழுதுனேன்."

அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. ஒருத்தரை ஒருத்தர் தாங்கினால் அதற்குத் தண்டனை, ஒருத்தரை ஒருத்தர் எட்டிப் பார்க்காமல் இருந்தால் அதற்குப் பரிசு என்று ஒரு எந்திரத்துக்குப் பாடம் நடத்தியிருக்கிறாயே, உன்னை எந்த வாத்தியார் பாஸ் போட்டார் என்று கேட்டேன். அவன் தட்டில் சோறு ஆறிப் போயிற்று.

அவன் போனதும் தெருவைக் கூட்டினேன். பஷீர் பாய் தாடியைத் தடவிக்கொண்டே ஒரு யோசனை சொன்னார்.

"எண்ணு கொறையணும், அவ்வளவுதான தங்கச்சி? சண்டை போடுவோம். நாங்க யாரும் யாருக்கும் ஆகாதவங்கன்னு மீட்டர் நம்பணும்."

"நடிக்கணுமா? எதுக்கு நடிக்கணும்?" என்றாள் செல்லக்கிளி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு.

சாயங்காலமே ஆரம்பித்தோம். மீட்டருக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்று மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றோம். அவள் என் ரொட்டியைப் பற்றிச் சொன்னாள். நான் அவள் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். அவள் என் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். நான் அவள் தம்பி ஓடிப்போனதைப் பற்றிச் சொன்னேன். பஷீர் பாயும் அவர் சம்சாரமும் நடிப்பாக ஆரம்பித்து நிஜமாகவே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தெருவில் பிள்ளைகள் கைதட்டினார்கள். இனி யாரும் யார் வாசலையும் மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்து கதவை அறைந்து சாத்தினோம்.

அப்புறம் பனி இறங்கியது. தார்ப்பாயையும் மீறி விறகு நனைந்து கிடந்தது. கொல்லைப்புறக் கதவு மெதுவாகத் தட்டப்பட்டது.

செல்லக்கிளி நின்றாள். முகம் அந்தப் பக்கம். கையில் இரும்புச் சட்டி, சட்டி நிறையச் செக்கச் செவேலென்று கங்கு.

"உன் மேல இருக்குற கோவம் உன் மேல. புள்ள என்ன பாவம் பண்ணுச்சு? புடி, கை சுடுது."

கதவைச் சாத்தும் முன் சொன்னாள், "போனை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். கண்டுபிடிக்கட்டும் பாப்போம்."

எல்லா வீட்டிலும் இதே கூத்துதான் நடந்திருக்கிறது. முன்வாசலில் சண்டை, கொல்லையில் கங்கு. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் நடுவர் ஏமாந்துவிடும் என்று நினைத்தோம் பாருங்கள், அதுதான் எங்கள் மடத்தனம். கணப்பு மூட்டியதும் வீடு சூடானதே, அது மீட்டருக்குத் தெரியாதா? மறுநாள் கிறிஸ்டி போன் செய்தான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"அக்கா, உங்க எண் ஏறிப்போச்சு. இம்புட்டுச் சண்டைக்கு அப்புறமும் எல்லா வீடும் சூடா இருந்துச்சா... எது வந்தாலும் தாங்குற தெருன்னு எழுதிக்கிச்சு."

அடுத்து வந்த வெட்டு, அதுவரை வந்ததிலேயே நீளமானது. பேட்டரி அத்தனையும் காலி. புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல் உறைபனி. விடிகிற நேரம் அனிட்டா, "அம்மா!" என்று போட்ட சத்தத்தில் ஓடினேன். தொட்டிலில் பிள்ளையின் பாதம் நீலம் பாரித்திருந்தது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. அழக்கூட இல்லை. அழாத பிள்ளையைப் பார்ப்பதைப் போல ஒரு பயம் உலகத்தில் கிடையாது.

அனிட்டாவுக்கு ராத்திரியிலிருந்து குளிர்காய்ச்சல். பிள்ளையை நெஞ்சில் வைத்து உட்காரத் தெம்பில்லை. நான் ரவிக்கையைக் கழற்றிப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டேன். ஆனால் அடுப்படியிலும் தாழ்வாரத்திலுமாக ராவெல்லாம் அலைந்த என் உடம்பே ஐஸாக இருந்தது. தெருவைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. செல்லக்கிளி கம்பளிக்குள்ளிருந்து எழுந்த சூட்டோடு அப்படியே ஓடி வந்தாள். பிள்ளையைப் பிடுங்கித் தன் நெஞ்சில் போட்டு, கம்பளியை இழுத்துச் சுற்றிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வாடா என் தங்கம். உங்க பாட்டி எலும்பும் தோலுமா இருக்கா, அங்க என்னத்தச் சூடு இருக்கும்? கிளியம்மாகிட்ட பாரு, மெத்தை மாதிரி."

நான் அவள் காலடியில் உட்கார்ந்து பிள்ளையின் பாதத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதையும் நான் முந்தாநாள் சண்டையில் சொல்லியிருந்தேன். நடிப்புக்குத்தான் என்றாலும் சொல்லியிருந்தேன். வெயில் ஏறும்போது பாதம் சிவந்தது. பிறகு அழுதான். தெருவே கேட்கும்படி அழுதான். நானும் அழுதேன்.

"போதும், மூக்கைச் சிந்து" என்றாள் செல்லக்கிளி. "அன்னிக்கு நீ சொன்னதுக்குத் தனியா வச்சுக்கிறேன்."

அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் இறங்கவே இல்லை. எண்ணைக் குறைக்க முடியாது. நாங்கள் அப்படிப்பட்ட ஜென்மங்கள் இல்லை. சரி, எங்கள் எண்ணைக் குறைக்க முடியாவிட்டால், ஊரில் மற்றவர்கள் எண்ணை ஏற்றிவிட்டால் என்ன? அதை யார் தடுக்கப் போகிறார்கள்?

நல்ல எண்ணத்தோடு கிளம்பினேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேட்டுத் தெருவின் எண்ணைக் கெடுக்கத்தான் போனேன். இரும்புச் சட்டி நிறையக் கங்கு அள்ளிக்கொண்டு, பட்டப்பகலில், மூச்சிரைக்க மேடேறினேன். பின்னால் பஷீர் பாய் ஒரு சட்டியோடு, அவர் சம்சாரம் ஒரு சட்டியோடு. அவர்கள் இன்னும் பேசிக்கொள்ளவில்லை, ஆனாலும் சேர்ந்து வந்தார்கள். பிள்ளையைச் செல்லக்கிளி விடவில்லை.

முதல் பங்களா வாசலில் மணியை அமுக்கினேன். கதவு திறக்கவில்லை, பக்கத்தில் மாட்டியிருந்த பேச்சுப் பெட்டியிலிருந்து குரல் வந்தது.

"எதுவும் ஆர்டர் பண்ணலையே?"

"ஆர்டர் இல்ல சார். கங்கு."

"என்னது?"

"நெருப்பு சார், நெருப்பு. கீழ்த்தெருவுல இருந்து வாரோம். கதவைத் திறங்க, சட்டி கனக்குது."

சங்கிலி போட்டபடி கதவு ஒரு சாண் திறந்தது. தலையெல்லாம் நரைத்த ஒருத்தர், கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டர். பெயர் தாமோதரன் என்று பலகையில் இருந்தது. உள்ளே மூன்று ஹீட்டர் எரிந்தன. அழகான கணப்பு ஒன்று இருந்தது. அதற்குள் பூந்தொட்டி வைத்திருந்தார்.

"எவ்வளவு தரணும்?" என்றார் பையைத் தடவிக்கொண்டு.

"காசெல்லாம் வேணாம் சார். கணப்பை மூட்டிக்கோங்க. சட்டிய மட்டும் நாளைக்கு நீங்களே கீழ வந்து குடுக்கணும். வெறுஞ்சட்டியாக் குடுக்கக் கூடாது. அது எங்க ஊரு வழக்கம்."

"எனக்குக் கரண்டு இருக்கேம்மா. எதுக்கு இது?"

"இருக்கட்டும், வச்சுக்கோங்க" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சிரித்தேன். பூந்தொட்டியை நானே தூக்கி ஓரமாக வைத்துக் கணப்பை மூட்டிவிட்டு வந்தேன். அவர் கடைசிவரை என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் சரியாகத் தேய்த்துப் பளபளவென்று இருந்த சட்டியோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே ஒரு டப்பா பேரீச்சம்பழம்.

"பழக்கம் தெரியல. இது சரியா இருக்குமாம்மா?" என்றார்.

தின்னும் முன் தராசில் நிறுத்தவா போகிறேன்? "உள்ள வாங்க சார்" என்றேன். பன் கொடுத்தேன். பிள்ளையைப் பார்த்தார். செல்லக்கிளி அவன் கதையைக் கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்தே சொன்னாள். மனுஷன் பன்னைப் பாதியில் வைத்துவிட்டார். தன் வீட்டு விளக்கு எதனால் எரிந்துகொண்டிருந்தது என்று அவருக்கு அன்றுதான் தெரியும்.

"அடுத்த வீட்டுல யாரு இருக்காங்கன்னே எனக்குத் தெரியாதும்மா" என்றார். "இன்னொரு சட்டி கிடைக்குமா?"

அன்று தொடங்கியது சட்டி ஊர்வலம். நாங்கள் மேட்டுத் தெருவுக்குக் கொண்டுபோனோம். தாமோதரன் சார் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த அம்மாள் ஏரிக்கரைக்குக் கொண்டுபோனார். சட்டி வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பதால் வாங்கியவர் கொடுக்க, கொடுத்தவர் மறுபடி வாங்க, கடன் தீரவே இல்லை. பஷீர் பாய் கடையில் இரும்புச் சட்டி தீர்ந்துவிட்டது. அதைச் சொல்ல அவர் சம்சாரத்திடம் பேச வேண்டி வந்தது, அப்படியே ராசியாகிவிட்டார்கள்.

நான் நினைத்தது நடந்தது. ஒரு சாயங்காலம், ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேட்டுத் தெரு விளக்கெல்லாம் பொசுக்கென்று அணைந்தது. எங்கள் மீட்டரில் பச்சை. எத்தனை நாள் காத்திருந்த காட்சி! கைதட்டப் போனேன். கை எழும்பவில்லை. தாமோதரன் சார் விறகு நனைந்திருக்குமோ, தனியாக இருப்பாரே என்று மனசு அடித்துக்கொண்டது. 'செத்தாக்கூட ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும்.' தம்பி சொன்னது காதிலேயே நின்றது. சனியன் பிடித்த மனசு! திட்டிக்கொண்டே சட்டியை எடுத்துக்கொண்டு மேடேறினேன்.

அங்கே போனால், அவர் வீட்டுக் கணப்பு திகுதிகுவென்று எரிகிறது. சுற்றி அந்தத் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர், வருஷக்கணக்கில் அடுத்தடுத்து இருந்துகொண்டு இப்போதுதான் ஒருத்தர் பேரை ஒருத்தர் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும், "வாங்கம்மா, உட்காருங்க, டீ போடட்டுமா?" என்றார் தாமோதரன் சார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கிறிஸ்டி வந்தான். கையில் புதுச் சட்டி. உள்ளே கேக். வத்தலக்குண்டில் இதற்காகவே வாங்கினானாம்.

"அக்கா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? மலை முழுக்க எல்லா வீட்டு எண்ணும் ஒண்ணா நிக்குது. யாரை முதல்ல வெட்டுறதுன்னு நடுவருக்குத் தெரியல. இருக்குறத எல்லாருக்கும் சமமாப் பிரிச்சு, முறை வச்சு விட்டுருச்சு."

"அதைத்தானடா முதல்லயே செஞ்சிருக்கணும்?"

"அதுக்கு எதுக்குக்கா ஒரு கம்ப்யூட்டர்?" என்றான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது. அப்புறம் மெதுவாக, "அக்கம்பக்கத்தைக் கணக்குல இருந்து எடுத்துடலாமான்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. முறை வச்சதுல தங்களுக்கும் கரண்டு போகுதுன்னு ரிசார்ட்காரங்க புகார் குடுத்திருக்காங்க" என்றான்.

"எடு பாப்போம். எடுத்தா இந்தச் சட்டி உன் மண்டையில. வேற என்னத்தையாவது கணக்குல சேத்து எங்களைப் பிரிக்கப் பாத்தா, அதுக்கும் ஒரு வழி வச்சிருக்கேன்னு போய்ச் சொல்லு. கீழ சமவெளி வரைக்கும் சட்டி போகும்."

"முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்" என்றான். சாப்பிட உட்காரவைத்து, கொஞ்சம் கூடுதலாகக் குழம்பு ஊற்றினேன்.

அன்று எங்கள் முறை. மீட்டரில் பச்சை. ஸ்டார் எரிந்தது, பேட்டரி நிரம்பியது, சூடு தொட்டில் கணகணவென்று இருந்தது. அனிட்டா பிள்ளையைத் தொட்டிலில் படுக்க வைத்தாள். அவ்வளவுதான், வீரிட்டான். எடுத்தால் அடங்கினான், வைத்தால் வீரிட்டான். எடை கூடிவிட்டது, இனித் தொட்டில் தேவையில்லை என்று டாக்டரம்மாவும் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். எங்கள் குட்டித் துரைக்கு இப்போது நெஞ்சு தவிர வேறெதுவும் ஆகாது. கிளியம்மா நெஞ்சு, பாய் சம்சாரம் நெஞ்சு என்று வரிசையாகப் போய், அன்று சாயங்காலம் தாமோதரன் சார் முறை. சட்டைப் பொத்தானைக் கழற்றி, மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டு, கணப்புப் பக்கம் சிலை போல உட்கார்ந்திருந்தார். அவர் நெஞ்சில் என் பேரன் வாயைத் திறந்தபடி தூங்கினான்.

"தொட்டில் சும்மாதான கெடக்கு?" என்று செல்லக்கிளி வந்து கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இடுப்பில் இருந்த பாத்திரத்தைத் தொட்டிலுக்குள் இறக்கி, கண்ணாடி மூடியைச் சாத்தினாள். இட்லி மாவு. இந்தக் குளிரில் மாவு புளிக்க வைக்க அவள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு எல்லாருக்கும் இட்லி. உன் ரொட்டியத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு."

நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது மீட்டர் சிவப்பானது. எங்கள் முறை முடிந்து, மேட்டுத் தெரு முறை. ஸ்டார் அணைந்தது, தொட்டில் அணைந்தது. கணப்பு வெளிச்சத்தில் எல்லார் முகமும் தெரிந்தது.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.